குலுக்கல் கணினியில் நான் நிறுவிய பதிப்பு

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் கதவு எண்ணையும் விசாரணை அதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்து முதல் தாளில் எழுதிக்கொண்டார். வயது நாற்பத்து மூன்று. வீட்டுவசதி அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் கணினிப் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். சட்டைப் பையில் எந்நேரமும் ஸ்க்ரூ டிரைவர் இருப்பதால் அலுவலகத்தில் என்னை ‘டிரைவர்’ என்றே கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று என்னிடம் கேட்பதுண்டு. என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இங்கே கூட்டி வரவில்லை. இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். எங்கள் அலுவலகத்துப் புள்ளிவிவர அலுவலர், வீட்டுக் குலுக்கலில் பட்டியலை மாற்றினார் என்ற குற்றச்சாட்டில் ஆறு நாட்களாகக் காவலில் இருக்கிறார். அவர் எதையும் மாற்றவில்லை. பட்டியல் ஏன் இரண்டு விதமாக வந்தது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு இருக்கும். மற்றவர்கள் ‘புள்ளியம்மா’ என்பார்கள், நான் மேடம் என்பேன். எங்கள் அலுவலகம் கட்டும் வீடுகளைவிட வீடு கேட்பவர்கள் எப்போதும் பல மடங்கு அதிகம். அதனால் யாருக்கு வீடு என்பதைக் குலுக்கல் மூலம் முடிவு செய்வது வழக்கம். முன்பெல்லாம் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். டப்பாவுக்குள் யாருடைய கை எத்தனை நேரம் இருந்தது என்று ஒவ்வொரு முறையும் சண்டை வரும். மேடம் வந்த பிறகு அதை நிறுத்திவிட்டுப் புள்ளியியல் நிரல் எழுதும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு குலுக்கத் தொடங்கினார்கள். குலுக்கல் நாளில் கூட்டத்திலிருந்து ஆறு பேர் எழுந்து ஆளுக்கு ஓர் இலக்கம் சொல்வார்கள். ஆறு இலக்கமும் சேர்ந்தது தொடக்க எண். மேடம் எழுதி வெளியிட்டிருக்கும் நிரலை ஓட்டி, விண்ணப்பப் பட்டியலையும் தொடக்க எண்ணையும் கொடுத்தால் மென்பொருள் வீடு பெறுபவர்களின் பட்டியலைத் தரும். அதே இரண்டையும் கொண்டு யார் வேண்டுமானாலும் தன் வீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கலாம், அதே பட்டியல்தான் வரவேண்டும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. இந்த மென்பொருளின் மூன்றாம் பதிப்பு ஆட்களைப் பொறுக்கும் முறை வேறு, நான்காம் பதிப்பு பொறுக்கும் முறை வேறு. இரண்டுமே நேர்மையான குலுக்கல்தான். ஆனால் ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் இரண்டிலும் இரண்டு பட்டியல் வரும். அதற்காகவே குலுக்கல் அறிவிப்பில் எந்தப் பதிப்பில் குலுக்கப்படும் என்பதையும் மேடம் அச்சிட வைப்பார்கள். அது எனக்கும் தெரியும். தெரியாது என்று இப்போது சொன்னால் பொய்யாகும்.

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாத முடிவுக்குள் எல்லாக் கணினிகளிலும் நான்காம் பதிப்பு நிறுவப்பட வேண்டும், பராமரிப்புப் பதிவேட்டில் கணினி எண்ணுக்கு எதிரே பதிப்பையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இருந்தது. முப்பத்தொரு கணினிகளில் முப்பதில் முடித்துவிட்டேன். மீதி ஒன்று மேடத்தின் கணினி. அது பதினோரு வருடப் பழசு. அதனுடைய விசிறி போடுகிற சத்தத்தில் பிரிவுத் தலைவர் கூப்பிடுவது காதில் விழாது, அதனால்தான் மேடம் அதை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். நான்காம் பதிப்பு அதில் ஏறாது. ஏற்றிப் பார்த்தேன், இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றுவிட்டது. புதுக் கணினி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் பிரிவுத் தலைவர், வரும் என்றார். சுற்றறிக்கைக்குப் பதில் மட்டும் உடனே வேண்டும் என்றார்.

அதன் பிறகு, குலுக்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேடத்தின் கணினியில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மேடம் பதறவில்லை. நிரலும் பட்டியல்களும் வேறு இடத்தில் பிரதியாக இருந்தன. நான் சிபியுவைக் கழற்றிக் கீழே என் அறைக்கு எடுத்துப் போய், தூசி தட்டி, வேறு ஹார்ட் டிஸ்க் போட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் நிறுவினேன். புள்ளியியல் மென்பொருளுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. மறுபடியும் நான்காம் பதிப்பை ஏற்றிப் பார்த்தேன். மறுபடியும் அதே பெட்டி. அதனால் என் பென்டிரைவில் இருந்த மூன்றாம் பதிப்பை நிறுவினேன். முதலில் இடைவெளி உள்ள பெயர் கொண்ட கோப்புறையில் போய் உட்கார்ந்துகொண்டு, கூடவே போடவேண்டிய துணைத் தொகுப்புகளை ஏற்க மறுத்தது. அதை நீக்கிவிட்டு நேரடியாக ஒரே சொல்லில் கோப்புறை வைத்து மறுபடி போட்டேன். மேடத்தின் நிரலுக்கு நான்கு துணைத் தொகுப்புகள் வேண்டும். ஒன்றைக் கூப்பிட்டால் அது தன் உறவுக்காரர்கள் ஏழு பேரும் வந்தால்தான் வருவேன் என்கிறது. இருபத்திரண்டு தொகுப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்க மாலை ஐந்தாகிவிட்டது. சோதனைப் பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். ஒழுங்காக ஓடியது. வேலையில் நான் குறை வைக்கவில்லை.

அதன் பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பதிவேட்டை எடுத்து, மேடத்தின் கணினி எண்ணுக்கு எதிரே ‘நான்காம் பதிப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உண்மையை எழுதினால் சுற்றறிக்கைப்படி செய்யாத ஒரே ஆள் என்று விளக்கம் கேட்டுத் தாள் வரும். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ புதுக் கணினி வந்துவிடும், அதில் நான்காம் பதிப்பைப் போட்டுவிட்டால் எழுதியதும் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். பதினாறு வருடத்தில் இந்த மாதிரி முன்கூட்டி எழுதியது எத்தனை முறை என்று அதிகாரி கேட்டார். கணக்கில்லை. எங்கள் வேலையில் எல்லோரும் செய்வதுதான். நாளை செய்யப்போவதை இன்றே செய்ததாக எழுதுவோம், மறுநாள் செய்தும் விடுவோம். ஆனால் இந்த முறை நான் இன்னொன்றும் செய்தேன். மென்பொருளைத் திறந்ததும் மேலே பத்து வரி வரும், அதில் முதல் வரியிலேயே பதிப்பு எண் இருக்கும். அந்தப் பத்து வரியும் வராதபடி, திரையில் மென்பொருளைத் திறக்க அழுத்தும் குறுக்குவழிப் படத்துக்குள் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டேன். அந்த வரிகள் தொந்தரவு என்று மேடம் எப்போதோ சொல்லியிருந்தது உண்மை. ஆனால் அன்று நான் அதைச் செய்தது அவர்கள் சொன்னதற்காக அல்ல.

மறுநாள் காலையில் கணினியை அவர்கள் மேசையில் வைத்து ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தேன். குலுக்கல் அறிவிப்பு அச்சுக்குப் போகவேண்டிய நாள் அது. மேடம் அறிவிப்பின் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்கள்.

“புதுசு போட்டாச்சா தம்பி?”

“போட்டாச்சு மேடம்.”

அறிவிப்பில் நான்காம் பதிப்பு என்று போயிற்று.

அதன் பிறகு, குறித்த நாளில் காலை பதினொரு மணிக்கு அலுவலகக் கூடத்தில் குலுக்கல் நடந்தது. எண்பத்து நான்கு வீடுகளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு விண்ணப்பங்கள். நான் புரொஜெக்டர் ஒயர் கழன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். ஆறு பேர் இலக்கம் சொன்னார்கள். மேடம் எல்லோரும் பார்க்கத் தட்டினார்கள், பட்டியல் திரையில் வந்தது. அதில் அறுபத்தோராவதாக வந்த விண்ணப்ப எண் என் அக்காவுடையது. அதிகாரி கேட்டதன்பேரில் சொல்கிறேன்: அக்கா விண்ணப்பித்தது எனக்குத் தெரியும், இது ஐந்தாவது தடவை. அவர் துணி தைக்கும் கூடத்தில் வேலை செய்கிறார். மாமாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து மூன்று வருடமாகிறது. குடியிருப்பது மூன்றாவது மாடி. டாக்டரிடம் போகவேண்டுமென்றால் நானும் கீழ்வீட்டுக்காரரும் மாமாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவோம். குலுக்கலில் கிடைத்தது தரைத்தள வீடு. திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் ஒயரை விட்டுவிட்டேன், ஒரு நிமிடம் திரை இருண்டுபோனது, கூட்டம் சத்தம் போட்டது. சந்தோஷத்தில் நடந்தது அது. அந்த எண் வந்ததில் என் கை எதுவும் இல்லை.

குலுக்கல் முடிந்த நான்காம் நாள், ஒருவழியாகப் புதுக் கணினி வந்தது. அதில் நான்காம் பதிப்பைப் போட்டு மேடத்தின் மேசையில் வைத்தேன். பழையதைத் துடைத்து அழித்துப் பழைய பொருள் கிடங்குக்கு அனுப்பினேன். அழிப்பதற்கான ஒப்புதல் படிவத்தில் மேடம் கையெழுத்துப் போட்டார்கள். நான் நீட்டுகிற தாளை அவர்கள் என்றைக்குமே படித்ததில்லை, இடத்தை மட்டும் காட்டச் சொல்வார்கள். தடயத்தை மறைக்க மேடம் கணினியை அழிக்கச் சொன்னார் என்று குற்றச்சாட்டில் இருப்பதாக அறிகிறேன். அது தவறு. பழைய கணினி எதுவாக இருந்தாலும் துடைத்துவிட்டு அனுப்புவதுதான் எங்கள் முறை. ஆனாலும் அன்று அதைத் துடைத்தபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் உண்மையாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு தச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். விண்ணப்பித்து வீடு கிடைக்காதவர். அவருடைய மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாளாம். அறிவிப்பில் சொன்னபடியே நான்காம் பதிப்பை வீட்டில் நிறுவி ஓட்டியிருக்கிறாள். அவள் எடுத்த பட்டியலில் அப்பா ஒன்பதாவது. அவர் கையில் இரண்டு தாள் இருந்தது.

“நான் சண்டை போட வரல. ரெண்டு தாளும் ஏன் வேற வேறயா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

பிரிவுத் தலைவர் முன்னிலையில் மேடம் புதுக் கணினியில் ஓட்டினார்கள். தச்சர் மகளின் பட்டியல்தான் வந்தது. மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது பதிப்பு மாறினால் வருகிற வித்தியாசம், பழைய கணினியில் என்ன பதிப்பு இருந்தது என்று பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதிவேட்டை நான்தான் எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். என் கையெழுத்தில் நான்காம் பதிப்பு என்று இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார்கள். நாலுதானே தம்பி என்று கேட்டார்கள். எழுதியிருக்கேனே மேடம் என்றேன். அவர்கள் பிரிவுத் தலைவரிடம் திரும்பினார்கள்.

“அவர் எழுதினா சரியாத்தான் இருக்கும். அப்ப நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்.”

அதன் பிறகு மூன்று நாட்கள் மேடம் தன்னுடைய நிரலில் இல்லாத தவறைத் தேடினார்கள். ஒவ்வொரு வரியாக அச்செடுத்து மேசையில் பரப்பி, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. நான் அந்த அறைக்குள் ஐந்தாறு முறை போனேன், பிரின்டரில் தாள் வைப்பதாகச் சொல்லிக்கொண்டு. ஒவ்வொரு முறையும் தாளை வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் மேடம், தவறு கிடைக்கவில்லை, ஆனால் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அன்று மாலையே தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். யாரோ சிலரிடம் ஆதாயம் பெற்றுப் பட்டியலை மாற்றினார் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சானது. இரண்டு நாள் கழித்துக் கைது செய்தார்கள். நான் ஜன்னலருகே நின்று பார்த்தேன். படி இறங்கும்போது கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்.

ஆக, தச்சர் வந்த நாளிலிருந்து பதினோரு நாட்கள் நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று அதிகாரி கேட்டார். முதல் காரணம், வேலை போய்விடும் என்ற பயம். இரண்டாவது, அக்கா. குலுக்கல் கணினியில் யாருக்கும் தெரியாமல் வேறு பதிப்பைப் போட்டவன் நான், அந்தப் பதிப்பில் வீடு கிடைத்தது என் அக்காவுக்கு. இதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? நானே கேள்விப்பட்டிருந்தால் நம்பமாட்டேன். அதைவிட, அறிவிப்புக்கு மாறான பதிப்பு என்று தெரிந்தால் நடந்த குலுக்கல் செல்லாது. நான்காம் பதிப்பு தரும் பட்டியலை எடுத்துக்கொண்டாலும் சரி, புதிதாகக் குலுக்கினாலும் சரி, அக்காவுக்குக் கிடைத்த வீடு போய்விடும். நான்காம் பதிப்பின் பட்டியலில் அக்காவின் எண் இருக்கிறதா என்று யாரும் இல்லாத நேரத்தில் மூன்று முறை தேடிப் பார்த்தேன். இல்லை.

நேற்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார். மாமா கட்டிலில் உட்கார்ந்து, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நல்ல கையால் எழுதிக்கொண்டிருந்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகாமல் சொன்னேன், பத்து வரியை மறைத்ததையும் சொன்னேன். அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா பேனாவை மூடினார். அக்காதான் பேசினார்.

“அந்தம்மா உள்ள இருக்கிறப்ப நான் எப்படிடா அந்த வீட்டுல படுத்துத் தூங்குவேன்? நாளைக்குக் காலையில போய்ச் சொல்லு. நீ போகலன்னா நான் போவேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கட்டியிருந்த ஒரு பெட்டியைப் பிரித்துத் தட்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு இன்று காலை இங்கே வந்து மேற்படி விவரங்களைச் சொன்னேன். அக்காவின் வீட்டைக் காப்பாற்றக் கட்டிய கதையா என்று அதிகாரி கேட்டார். காப்பாற்றுவதாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்தாலே போதும் என்றேன். சொன்னதை நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். என் பென்டிரைவை எடுத்தேன், பிறகு அதைப் பையிலேயே வைத்துவிட்டேன். என் கையிலிருந்து வந்தது எதையும் யாரும் நம்பவேண்டியதில்லை. மென்பொருள் தயாரிப்பவர்களே பழைய பதிப்புகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து மூன்றாம் பதிப்பை இறக்கி, நிலையத்தின் மேசைக் கணினியில் ஒரு காவலர் நிறுவினார். நான் நான்கு அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அடுத்து எதை அழுத்தவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவரும் முதலில் பெயரில் இடைவெளி உள்ள கோப்புறையிலேயே போட்டு மென்பொருளிடம் திட்டு வாங்கினார். துணைத் தொகுப்புகள் முடிய ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

அதற்குள் மேலும் விசாரிப்பதற்காக மேடத்தைக் கூட்டி வந்திருந்தார்கள். கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காவலர் விண்ணப்பப் பட்டியலையும் மேடத்தின் நிரலையும் வழக்குக் கோப்பிலிருந்த பிரதியில் இருந்து ஏற்றி, ஆறு இலக்கத்தையும் தட்டினார். பட்டியல் வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படிக்க, அதிகாரி குலுக்கல் நாளில் வெளியிட்ட பட்டியலில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டே வந்தார். இருபது எண் வரைக்கும் வேகமாகக் குறித்தார். அதற்குப் பிறகு நிதானமாகக் குறித்தார். அறுபத்தொன்றாவதாக அக்காவின் எண்ணைப் படித்தபோது என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எண்பத்து நான்கும் ஒன்றுவிடாமல் பொருந்தியது. மேடத்தை மறுபடி உள்ளே அனுப்பவேண்டியதில்லை, மேலிடத்துக்கு இப்போதே எழுதுகிறேன் என்று அதிகாரி சொன்னார்.

இதை முடிக்கும் முன்பு, மேடத்துக்கு என்னிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். மேடம் எழுந்து வந்து திரையைத்தான் முதலில் பார்த்தார்கள். கடைசி எண்வரைக்கும் நகர்த்திப் பார்த்தார்கள். அதன் பிறகு என் பக்கம் திரும்பினார்கள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“பழசுதான் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. அறிவிப்புல நாலை அடிச்சிட்டு மூணுன்னு போட்டிருப்பேன். அவ்வளவுதானே வேலை?”

மேடம் கேட்டதையும் அப்படியே எழுதிக்கொள்ளும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி, மேடத்தின் முன்னிலையிலேயே எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. நானறிந்து இதில் பொய் எதுவும் இல்லை. எந்த வரியையும் நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஒப்பம்,
கணினிப் பராமரிப்பாளர், வீட்டுவசதி அலுவலகம்.